முடிச்சு முடிச்சாகவே இருக்கிறது

பெறுநர்: 'திருடர்கள் ஜாக்கிரதை' என்ற பலகையை எழுதும், எழுதச் சொல்லும், எழுதியதற்கு பில் பாஸ் செய்யும் உயர் அதிகாரம்.

அனுப்புநர்: கச்சிராயபாளையத்தில் குடியிருக்கும் மனுதாரர், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பொருள்: பலகை இருந்தும் பர்ஸ் போனது குறித்து.

பார்வை: தங்கள் பலகை. நாள் இல்லை, எண் இல்லை, கையொப்பம் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

மனுதாரர் தங்கள் பலகையை நாற்பது வருடமாகப் படித்து வருகிறார். பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் போன நாளில் அவர் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வாசகங்களில் அதுவும் ஒன்று. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-இல். பலகை அதற்கெல்லாம் மூத்தது. பஸ்ஸின் நிறம் மாறியது, கழகத்தின் பெயர் மாறியது, டிக்கெட் கிழித்துக் கொடுத்த கையில் மெஷின் வந்தது. பலகையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பக்கத்திலேயே 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று இன்னொன்று இருக்கும். பிறர் பாக்கெட்டுக்குள் கரம் நீட்டுவது 'புறம்' என்பதில் அடங்குமா, 'அகம்' என்று தள்ளுபடியாகுமா என்ற சந்தேகம் சிறு வயதிலிருந்தே அவருக்கு உண்டு. கேட்க ஆள் இல்லை.

முதற்கண் ஒரு விளக்கம். ஊர்ப் பெயரில் 'கள்ள' இருப்பதை வைத்து வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். உள்ளூர்த் தமிழன்பர்கள் 'கல்லை' என்று சுருக்கி எழுதி அந்தச் சிரிப்பிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். மனுதாரர் தப்பிக்க விரும்பவில்லை. அவருடைய பர்ஸை எடுத்தவர் எந்த ஊரோ, யார் கண்டது.

சென்ற மாதம் ஒரு பஸ் நிலையத்தின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனுதாரர் தங்கள் பலகையின் பயனை நேரில் ஆய்வு செய்தார். பயன் பிரமாதம். பலகையைப் பார்த்த ஒருவரின் கை பேண்ட்டின் பின்பக்கத்தைத் தட்டியது. அடுத்தவர் சட்டையின் உள்பாக்கெட்டைத் தடவினார். ஓர் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளும் சாக்கில் மார்போடு இருந்த சுருக்குப்பையைச் சரிபார்த்தார். வேட்டிக்காரர் ஒருவர் இடுப்பில் கை வைத்து, வைத்ததை யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். யாரிடம் பணம் இருக்கிறது, அது உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற இரண்டு கேள்வியோடுதான் ஒரு பிக்பாக்கெட் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். இரண்டுக்கும் விடை தங்கள் பலகைக்குக் கீழே இலவசமாகக் கிடைக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் மனுதாரர் அல்லர். எச்சரிக்கைப் பலகை அருகே நிற்பதே லாபம் என்பது இந்தத் தொழிலில் உலகமறிந்த பாடம்.

உலகம் என்றதும் மனுதாரரின் மச்சானைச் சொல்லியாக வேண்டும். உளுந்தூர்பேட்டைக்காரர், புதுச்சேரியில் பெண் எடுத்தார். மாமனார் வீடு பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அந்த வழியில் பாரிஸ் போய்ச் சேர்ந்து, லா ஷப்பேல் பக்கம் ஒரு தமிழ் ஓட்டலில் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்கிறார். ஆவணி வாக்கில் மாணிக்க விநாயகர் தேர் ஓடி, தெருவெல்லாம் சிதறுகாய் உடைகிற அதே லா ஷப்பேல்தான். தரைமேல் ஓடும் ரயிலையே பார்த்துப் பழகிய ஊரிலிருந்து நிலத்துக்கடியில் ஓடும் மெட்ரோவுக்குப் போனவர். போன இரண்டாம் மாதமே பர்ஸைப் பறிகொடுத்தார்.

"மாமா, இங்க மைக்ல சொல்றான். பிக்பாக்கெட் இருக்காங்க, பாத்துக்கங்கன்னு நாலஞ்சு பாஷையில சொல்றான். நம்ம பாஷையில மட்டும் சொல்லல" என்றார் போனில்.

"சொல்லியிருந்தா?"

"பாக்கெட்டத் தொட்டுப் பாத்திருப்பேன்."

அங்கே தொழில் நுணுக்கம் கொஞ்சம் கூடுதல் என்று தெரிகிறது. கதவோரம் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவரிடம், கதவு மூடும் மணி அடிக்கும் கணத்தில் போனைப் பறித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் குதித்துவிடுகிறார்கள். கதவு மூடிக்கொள்கிறது, ரயில் பறிகொடுத்தவரை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஓடுவது திருடன் அல்ல, சொத்துக்காரர். நம் பஸ்ஸில் கதவு பெரும்பாலும் கயிற்றால் கட்டித் திறந்தே கிடப்பதால் இந்த முறை இங்கே எடுபடாது. இதை நிர்வாகத்தின் தொலைநோக்கு என்றே மனுதாரர் கருதுகிறார்.

அதே பாரிஸில், 2013 ஏப்ரலில் லூவ்ர் அருங்காட்சியகம் ஒரு நாள் மூடிக் கிடந்தது. மோனலிசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிக்பாக்கெட் தொல்லை தாங்காமல் காவலர்கள் வேலைக்கு வர மறுத்துவிட்டார்கள். திருடுகிறவர்களில் பலர் சிறுவர்கள். சிறுவர்களுக்கு அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. டிக்கெட் எடுத்தவன் பணத்தை டிக்கெட் எடுக்காதவன் எடுத்துக்கொண்டு போகிறான் என்பதுதான் காவலர்களின் வயிற்றெரிச்சல். உலகப் புகழ் பெற்ற அந்த மாளிகையின் காவலர்கள் பலகை வேண்டும் என்று கேட்கவில்லை, ஆள் வேண்டும், போலீஸ் வேண்டும் என்று கேட்டார்கள். தங்கள் மேலான கவனத்துக்கு இது தனியே கொண்டுவரப்படுகிறது.

மச்சான் சொன்னதில் மனுதாரருக்கு மிகவும் பிடித்தது மனுத் திருட்டு. ஈஃபில் கோபுரம் போன்ற இடங்களில் சிறு பெண்கள் அட்டையில் காகிதம் செருகிக்கொண்டு வருவார்களாம். ஏதோ நல்ல காரியத்துக்கு ஒரு மனு, கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். குனிந்து கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் பை காலி. மனுவில் கையெழுத்துப் போட்டவன் பை காலியாவது பாரிஸில்தான் புதுமை. திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் பஸ் பிடித்துப் போய், வெளியே மனு எழுதித் தருபவருக்குக் கொடுத்து, ஜெராக்ஸுக்குக் கொடுத்து, டீக்குக் கொடுத்துத் திரும்புகிறவர்களுக்கு இதில் என்ன புதுமை.

மச்சான் இப்போது தெளிந்துவிட்டார். தோள்பையை முன்பக்கம் போட்டுக்கொள்கிறார். பாஸ்போர்ட் வீட்டில், நகல் கையில். காரணம் கேட்டால், அது போனால் தூதரகம் தரும் அவசரச் சான்றிதழ் ஊருக்கு ஒருவழியாகத் திரும்பத்தான் உதவுமாம். பேங்க் கார்டை முடக்கும் எண்ணைத் தனியே எழுதி வைத்திருக்கிறார், போனிலேயே பதிந்து வைத்து போனையும் பறிகொடுத்த பிறகு. பணத்துக்கு மட்டும் நம் ஊர் ஏற்பாடு: சென்ற பொங்கலுக்கு மனுதாரர் பார்சலில் அனுப்பிய பட்டாபட்டி அண்டர்வேர், முன்பக்கம் பை வைத்துத் தைத்தது. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் சட்டைக்கு உள்ளே இடுப்பில் கட்டும் பை ஒன்றை யூரோ கொடுத்து வாங்குகிறார்கள். மாட்டுச் சந்தைக்குப் போகிற நம் சம்சாரிகள் அகலமான பச்சை பெல்ட்டில் பை வைத்துக் கட்டியதும் அதுதானே. காப்புரிமை வாங்கிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தொழிலுக்குத் தமிழில் இருக்கும் பழைய பெயர் முடிச்சவிழ்க்கி, பேச்சில் முடிச்சவிக்கி. இன்று கோபத்தில் யாரையும் திட்டும் சொல்லாகிவிட்டது. ஆனால் அதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. சட்டைப்பை வருவதற்கு முன் பணம் துணி முனையில் முடிச்சாக இருந்தது. அதை அவிழ்ப்பவன் முடிச்சவிழ்க்கி. 'ஜேப்' வந்ததும் ஜேப்படி வந்தது. இங்கிலாந்திலும் இதே கதைதான்: பணப்பையை வெளியே இடுப்பில் தொங்கவிட்ட காலத்தில் அவன் பை அறுப்பவன், துணிக்குள் பை தைத்த பிறகு பிக்பாக்கெட். அங்கே 1565-இல் போட்ட ஒரு சட்டப்படி, தெரியாமல் ஒருவர் மேலிருந்து ஒரு ஷில்லிங்குக்கு மேல் எடுத்தால் தூக்கு. சாமுவேல் ரோமில்லி என்பவர் போராடி 1808-இல்தான் அது ரத்தானது. இடைப்பட்ட காலத்தில் பிக்பாக்கெட் ஒழிந்ததா? தூக்கில் போடுவதை வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்திலேயே அமோகமாக நடந்தது என்று சொல்வார்கள். தூக்குமேடையை விடப் பெரிய எச்சரிக்கைப் பலகை உண்டா? திருடனுக்கு வேண்டியது கூட்டம். அதை அரசாங்கமே கூட்டிக் கொடுத்தது.

இனி, இந்த மனு எழுதக் காரணமான சங்கதி. மனுதாரரின் பர்ஸ் போனது பெரிய விஷயமில்லை. அதில் இருந்தவை நூற்றுச் சொச்சம் ரூபாயும் ஆதார் அட்டையும் மளிகைக் கணக்குச் சீட்டும்தான். பத்து நாள் கழித்து ஆதார் அட்டை தபாலில் வந்தது. எடுத்தவர் தபால் பெட்டியில் போட்டிருக்கிறார், தபால்காரர் முகவரியைப் பார்த்துக் கொண்டுவந்தார். இந்தத் துறையில் இன்னும் நாணயம் மிச்சமிருக்கிறது. நாணயத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

பெரிய விஷயம் ஒரு பெரியவருடையது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊர். மலையாளிப் பழங்குடி. சாமையும் மரவள்ளியும் போட்டுப் பார்த்து, அது வாய்க்கும் கைக்குமாக இருக்கவே, மலைக்காரர்கள் பலரைப் போல அவரும் வெளிமாநிலத்துக்கு எஸ்டேட் வேலைக்குப் போனார். மச்சானுக்கு பாரிஸ் எப்படியோ அப்படி அவருக்குக் குடகு: வேறு பாஷை, வேறு குளிர், வேறு சோறு. காப்பிப் பழமும் மிளகும் பறித்து முடித்துப் பங்குனியில் ஊர் திரும்பினார். மூன்று மாதக் கூலி மொத்தமும் கையில் ரொக்கம். போனில் அனுப்பலாமே என்பார்கள் தங்களைப் போன்றவர்கள். மலையில் சில ஊர்களில் போனைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறினால்தான் ஒரு கோடு சிக்னல் தெரியும். நாடெல்லாம் கைப்பேசியில் பணம் கைமாறும் காலத்தில் ரொக்கம் வைத்திருப்பவர்கள் இவர்கள்தான். பிக்பாக்கெட்காரர்களுக்கு மிஞ்சியிருக்கும் சரணாலயம்.

பணத்தை பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, துண்டின் ஒரு முனையில் பொட்டலமாக வைத்து, இறுக்கி முடிச்சுப் போட்டு, வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார். மைசூர் பஸ், சேலம் பஸ், கள்ளக்குறிச்சி பஸ், அப்புறம் மலை பஸ். வழியெல்லாம் தூங்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கட்டைவிரலால் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மலை பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கத்தைக்கூட விட்டுவிட்டார். துண்டு வேறு வேலையாக இருந்தது. ஒற்றைக் காலில் நின்றார். கோமுகி அணை தாண்டி வளைவுகளில் ஏறும்போது ஒருவர் மேல் ஒருவர் சாய, அரிசிச் சிப்பம் ஒன்று முழங்காலில் இடிக்க, ஒரு குழந்தை அவர் தோளில் வாந்தி எடுக்க, அப்போதும் தொட்டுப் பார்த்தார். வீட்டில் பாயில் உட்கார்ந்து மருமகள் முன்னால் துண்டை எடுத்தார். முடிச்சு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, பொட்டலம் இருந்த இடத்தில், துணி ஒரு விரல் நீளத்துக்கு நேர்க்கோடாக வாய் பிளந்திருந்தது. பிளேடு.

"எத்தன தடவ தொட்டுப் பாத்தேன் தெரியுமாப்பா. முடிச்சு இருந்துச்சுப்பா" என்றார் மனுதாரரிடம். எந்த பஸ்ஸில் போனது என்று அவருக்குத் தெரியாது. அதனால் எந்த பஸ்ஸையும் இந்த மனு குற்றம் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் படிக்கவும் தெரியாது. பலகை அவரை எச்சரிக்கவில்லை. அவர் பிறந்ததிலிருந்தே எச்சரிக்கையாக இருக்கிறவர்.

ஒற்றைக் காலில் நிற்கும் கூட்டத்தில் இடித்தவன் யார், எடுத்தவன் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. கூவாகம் திருவிழாவில், திருவண்ணாமலை பௌர்ணமியில், பொங்கலுக்கு முந்தின ராத்திரியில் கூட்டம் கூடுவது இயற்கை. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, ஒரு மலை பஸ்ஸில், ஏன் அத்தனை கூட்டம்? இதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாததால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்ட பிறகு, கல்வராயன் மலை மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மலைக்குச் சாலை, பஸ் என்றெல்லாம் அங்கே பேச்சு வந்தது. சாவு நடந்தால்தான் பஸ் பேச்சு வரும் என்பது தனிக் கவலை. இன்னொரு பஸ் விடுவதற்கு ஆகும் செலவையும் ஒரு பலகை எழுத ஆகும் செலவையும் ஒப்பிட்டால் தங்கள் நிதிப் பொறுப்புணர்வு மனுதாரருக்கு நன்றாகவே விளங்குகிறது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1860-ஆம் வருடத்து இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே, குற்ற முயற்சி என்றால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு: ஒருவன் இன்னொருவன் பாக்கெட்டில் கை விடுகிறான், பாக்கெட்டில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் குற்றம். மாதக் கடைசியில் மனுதாரரின் பாக்கெட்டை நூற்றறுபது வருடத்துக்கு முன்பே யாரோ பார்த்திருக்கிறார்கள். 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 62-ஆம் பிரிவில் அந்தக் காலி பாக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறது. கும்பலாகச் செய்தால் 112-ஆம் பிரிவு பிக்பாக்கெட்டைப் பெயர் சொல்லியே அழைத்து ஏழு வருடம் வரை தருகிறது. ஆனால் 303-ஆம் பிரிவில் ஒரு சலுகையும் உண்டு: எடுத்தது 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால், முதல் தடவை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. முதல் தடவை திருடியவருக்கு அல்ல, முதல் தடவை தண்டிக்கப்படுபவருக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு முழு உத்தியோக வாழ்க்கையே கிடக்கலாம்.

பறிகொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு காவல் நிலையத்தில் பெரியவருக்கும் மனுதாரருக்கும் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது. 'திருடு போனது' என்று எழுதிக் கொடுத்ததை 'தொலைந்துபோனது' என்று மாற்றி எழுதச் சொன்னார்கள், அப்படியென்றால் சுலபமாம். சி.எஸ்.ஆர். என்ற மூன்றெழுத்துக்கு விரிவு என்னவென்று மனுதாரர் விசாரித்தார். கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர். எடுத்தவருக்கும் சமூக சேவை, கொடுத்தவருக்கும் சமூக சேவை. இப்படியொரு சமத்துவத்தை மனுதாரர் வேறெங்கும் கண்டதில்லை.

பலகையின் இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். இதில் மனுதாரருக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஜாக்கிரதை' என்று எழுதியவர்கள் யாரிடம் என்று எழுதவில்லை. அந்தக் காலி இடத்தைப் பயணிகளே நிரப்பிக்கொள்கிறார்கள். அழுக்குச் சட்டை, பாசிமணி, சாக்கு மூட்டை என்று நிரப்புகிறார்கள். 2021 டிசம்பரில் நாகர்கோவிலில் ஒரு நரிக்குறவர் குடும்பத்தை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டு மூட்டையையும் வெளியே எறிந்த வீடியோவை நாடே பார்த்தது. ஓட்டுநரும் நடத்துநரும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். சில சாதிகளில் பிறந்தாலே திருடன் என்று 1871-இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் நாடு முழுதும் ரத்தானது. பஸ்ஸில் ரத்தாக இன்னும் ஆணை வரவில்லை போலும். மலை பஸ்ஸில் மூட்டையோடு ஏறும் அந்தப் பெரியவரையும் இரண்டு பேர் சற்றுத் தள்ளி நின்று, பர்ஸைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள். பறிகொடுத்தவர் அவர். பிளேடு வைத்திருந்தவன் இஸ்திரி போட்ட சட்டையில், பக்கத்தில் நின்று, "பெரியவரே, கம்பியைப் பிடிச்சுக்கங்க" என்று அக்கறையாகச் சொல்லியிருக்கவும் கூடும்.

ஆகவே மனுதாரர் பணிவுடன் கோருவது: பலகையை எடுத்துவிட வேண்டாம், பழகிவிட்டது. முதல் தடவை தண்டிக்கப்பட்டு சமூக சேவைக்கு வருகிறவர்களைக் கொண்டே இனி அதை எழுதச் செய்யலாம். எங்கே மாட்டினால் எத்தனை பேர் பாக்கெட்டைத் தொடுவார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. தங்கள் அலுவலகம் மாட்டும் இடங்களை விட நல்ல இடமாகச் சொல்வார்கள். 'திருடர்கள்' என்பதற்குப் பின்னால் ஓர் ஏகாரமும் காற்புள்ளியும் சேர்த்தால், எச்சரிக்கை போக வேண்டியவருக்குப் போகும். பெயிண்ட் செலவு சொற்பம். வெள்ளிமலைக்குச் சாயங்காலம் இன்னொரு பஸ் விட்டால் பெரியவர் உட்கார்ந்து போவார். அந்த ஒரு கோரிக்கை மட்டும் தங்கள் துறையைச் சேர்ந்தது இல்லை என்று பதில் வரும் என மனுதாரர் எதிர்பார்க்கிறார்.

இணைப்பாக சி.எஸ்.ஆர். ரசீதின் நகலும், துண்டின் அந்த முனையும் வைக்கப்பட்டுள்ளன. முடிச்சை அலுவலகத்தில் யாரும் அவிழ்க்க வேண்டாம்; அதை அப்படியே திருப்பித் தரும்படி பெரியவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பின்குறிப்பு: இது இரண்டாவது படி. முதல் படியை மனுதாரர் சென்ற திங்கட்கிழமை சட்டைப்பையில் வைத்து, தபால் தலை ஒட்டிய உறையோடு எடுத்துவந்தார். பஸ் நிலையத்தில் தங்கள் பலகைக்குக் கீழே நிற்கும்போது வழக்கம்போல் கை தானாகப் பையைத் தொட்டது. அப்போது இருந்தது. எடுத்தவர் ஆதார் அட்டையை அனுப்பிய அதே ஆளாக இருந்தால் உறையைத் தபால் பெட்டியில் போட்டிருப்பார். இதற்கு முன்பே அது தங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். முகவரி மேலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
மனுதாரர்